அண்ணியும் குவிலென்ஸும்

எங்கள் அண்ணிக்கு ஒரு கணக்கின் விடை சரியாக வந்தால் மட்டும் போதாது. அது சுவரில் விழவும் வேண்டும்.

இப்படிச் சொன்னால் யாருக்கும் புரியாது, எனக்கே தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். முதலில் மீன் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

அண்ணி கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த புதிது. நைனா ஏரியில் வலை போட்டுவிட்டு மடவை மீனோடு வந்தார். எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். கூடையை அவர் இறக்கி வைத்ததும் புதுப்பெண் போய்க் குந்திக்கொண்டு, ஒரு மீனை எடுத்து, கட்டைவிரலால் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். சிவப்பாக இருக்கிறதா, வெளுத்துவிட்டதா என்று! மாமனார் அப்போதுதான் தண்ணீரிலிருந்து எடுத்து வந்த மீன். வால் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

"இன்னாடி இது?" என்றாள் அம்மா. "ஊட்டு மீனையே செவுளத் தூக்கிப் பாக்கற? உங்க மாமா இன்னா ஐஸ் மீனையா வாங்கியாந்துட்டாரு?"

"இல்ல அத்த. சும்மா பாத்தேன்."

இந்தச் சும்மா பார்ப்பதுதான் அண்ணி. பஸ் போய்விட்டது என்று ஊரே சொன்னாலும் ரோடு வரைக்கும் நடந்து போய் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவாள். தண்ணீர் கொதித்துவிட்டது என்று நான் சொன்னால், மூடியைத் திறந்து பார்ப்பாள். நான் பொய் சொல்கிறேன் என்று நினைத்து அல்ல. அவளுக்கு அவள் கண்ணே பார்க்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கு மண்டைக்கு ஏறும். "எல்லாத்தையும் நீயே பாக்கணும்னா நாங்கள்லாம் எதுக்குக் கண்ண வெச்சிக்கினு இருக்கறோம்?" என்று கேட்பேன். சிரிப்பாள்.

கல்யாணத்துக்கு முன்னாலேயே இந்த வேலையைக் காட்டியிருக்கிறாள். ஆரம்பாக்கம் பக்கத்திலிருந்து வந்த பெண் அவள். பெண் பார்க்கப் போனபோது அம்மா, "எங்க ஊட்டு வாசல்லயே கொழா இருக்குது, தண்ணிக்குப் பிரச்சனையே இல்ல" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அடுத்த வாரமே மீன் வாங்க வந்தவள் மாதிரி அவளுடைய நைனாவோடு எங்கள் குப்பத்துக்கு வந்து, எங்கள் வீட்டு வாசல் குழாயைத் திருகிப் பார்த்தாள். காற்றுதான் வந்தது. உள்ளேயிருந்து வந்த அம்மா, வந்தவள் யார் என்று பார்த்தும்கூட மழுப்பவில்லை. "நேத்துலருந்து வர்ல. மோட்டாரு ரிப்பேரு. எப்ப வரும்னு எனக்குத் தெரியாது" என்று முகத்துக்கு நேராகச் சொன்னாள். அம்மா அப்படித்தான், நல்லதோ கெட்டதோ பட்டென்று போட்டு உடைப்பாள். அதனால் ஊரில் பாதிப் பேருக்கு அவளைப் பிடிக்காது.

"தண்ணி வர்லதான். ஆனா உங்கம்மா டபாய்க்கல பாரு, அதான் சரின்னு சொன்னேன்" என்று அண்ணி பிற்பாடு என்னிடம் சொன்னாள். என் அண்ணன் இதைக் கேட்டுவிட்டு ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். "அப்ப என்னப் பாத்துச் சரி சொல்லலியா நீ?"

வந்தவளிடம் ஒரு பெட்டி நிறையப் புடவையும், அடியில் ஒரு பிளஸ் டூ இயற்பியல் புத்தகமும் இருந்தன. எல்லாப் பாடமும் பாஸ், இயற்பியல் மட்டும் போய்விட்டது. இரண்டாம் முறை எழுதியும் போய்விட்டது. அதற்குள் கல்யாணம். சரி, அதோடு போகட்டும் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். அவளும் விட்டிருப்பாள், அந்தக் கண் முகாம் மட்டும் வராமல் இருந்திருந்தால்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கண் முகாம் போட்டார்கள். நைனாவைக் கூட்டிக்கொண்டு போன அண்ணி, நைனா திரும்பி வந்த பிறகும் வரவில்லை. நான் போய்ப் பார்த்தால், கண் பரிசோதிக்கும் பெண்ணின் பின்னால் நின்றுகொண்டு, அவர் பெட்டியிலிருந்து ஒவ்வொரு லென்ஸாக எடுத்துப் போடுவதையும், எங்கள் ஊர்க் கிழவர்கள் "ஆங், இப்ப தெரியிது" என்று சொல்வதையும் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் பெட்டியை மூடும்போது அந்தப் பெண்ணே அவளிடம் சொன்னாராம். இதற்கு இரண்டு வருடப் படிப்பு இருக்கிறது. பிளஸ் டூவில் சயின்ஸ் குரூப் பாஸாகியிருந்தால் போதும், சேரலாம்.

அன்றைக்கு ராத்திரிச் சோற்றை அவள் சாப்பிடவே இல்லை. மறுநாள் காலையிலேயே அம்மாவிடம் கேட்டுவிட்டாள்.

அம்மா யோசித்தாள். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை, மருமகள் பரீட்சை எழுதப் போனால் ஊர் என்ன பேசும் என்று அவளுக்குத் தெரியும். கடைசியில், "இந்த ஒரு வாட்டி எய்து" என்றாள். "பாஸானா போயிப் படி, நான் தடுக்க மாட்டேன். போச்சுன்னா அந்தப் புஸ்தகத்த மூட்ட கட்டிடணும். அப்பறம் அதப் பத்திப் பேச்சே எடுக்கக் கூடாது."

"சரி அத்த" என்றாள் அண்ணி. அம்மா ஒன்று சொன்னால் சொன்னதுதான். பாஸானால் படிப்பு, இல்லாவிட்டால் எல்லாம் முடிந்தது.

நான் அந்த வருடம்தான் பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். இயற்பியலில் பாஸ். எப்படி பாஸ் என்று கேட்காதீர்கள், மனப்பாடம்தான். புத்தகத்தில் மைனஸ் என்றால் மைனஸ், பிளஸ் என்றால் பிளஸ். ஏன், எதற்கு என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தால் யார் பரீட்சை எழுதுவது? ஆகவே நானும் அண்ணியும் சேர்ந்து படிக்க உட்கார்ந்தோம். முதல் பாடமே ஒளியியல். முதல் கணக்கே லென்ஸ்.

இருபது சென்டிமீட்டர் குவியத் தொலைவு உள்ள ஒரு குவிலென்ஸ். அதற்கு முப்பது சென்டிமீட்டர் தூரத்தில் ஒரு மெழுகுவத்தி. பிம்பம் எங்கே விழும்? எப்படி விழும்? இதுதான் கணக்கு.

"எங்க வுயும்னு எதுக்குக் கணக்குப் போடணும்? லென்ஸ வெச்சிப் பாத்தா தெரியிது" என்றாள் அண்ணி.

"பரீட்சையில லென்ஸ் குடுக்க மாட்டாங்க அண்ணி. பேனாதான் குடுப்பாங்க. அதுவும் நம்ம பேனா."

அவள் கேட்டால்தானே! அண்ணனை நச்சரித்து, பொன்னேரியில் ஒரு ஃபேன்ஸி ஸ்டோரிலிருந்து கைப்பிடி போட்ட பூதக்கண்ணாடி ஒன்றை வாங்கி வரச் சொன்னாள். வந்தது. மறுநாள் காலையில் நடந்ததுதான் பெரிய பேஜாராகிவிட்டது.

அதைச் சொல்வதற்கு முன் எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் ஆண்பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும்போது எதையும் கவிழ்த்து வைக்க மாட்டோம். கழுவின சட்டி, குடம், டம்ளர் எதுவானாலும் நிமிர்த்தித்தான் வைப்போம், துணியால் துடைத்துக் காயவைப்போம். அந்த வார்த்தையைக்கூட வாயால் சொல்ல மாட்டோம். அம்மாவின் கூடப்பிறந்த தம்பி முகத்துவாரத்தில், ஏரியும் கடலும் சேருகிற இடத்தில், படகு கவிழ்ந்துதான் போனார். அன்றைக்குக் காலையில் ஒரு சோற்றுப்பானையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தது தான்தான் என்று அம்மா நினைத்துக்கொண்டிருந்தாள். யார் சொல்லியும் அவள் மனசிலிருந்து அது போகவில்லை. அண்ணி ஏரிக்கு அந்தப் பக்கத்துக்காரி, அவளுக்கு இதெல்லாம் புதுசு. வந்த புதிதில் ஒரு குண்டானைக் கவிழ்த்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாள். பிறகு பழகிவிட்டாள்.

அன்று காலை அண்ணி உள்ளறைக் கதவைச் சாத்தி, ஜன்னலை மட்டும் திறந்து வைத்துவிட்டு, எதிர்ச் சுவருக்குப் பக்கத்தில் பூதக்கண்ணாடியைப் பிடித்தாள். முன்னே பின்னே நகர்த்தினாள். சட்டென்று சுவரில் எங்கள் கரை வந்து விழுந்தது! நான் கத்தியே விட்டேன். மணல், தண்ணீர், வானம் எல்லாம் கலரில், ஒரு தீப்பெட்டி அகலத்துக்கு. வானம் கீழே, மணல் மேலே. அப்போது பார்த்து ஒரு படகு கரைக்கு வந்துகொண்டிருந்தது. நீலமும் மஞ்சளும் அடித்த படகு. அண்ணன் போகிற படகுதான். சுவரில் அது தலைகீழாக ஊர்ந்து வந்தது, உள்ளே இருந்த ஆட்களும் தலைகீழாக.

"ஸ்கேலு எடு, ஸ்கேலு எடு" என்று அண்ணி குதித்தாள். லென்ஸுக்கும் சுவருக்கும் இடையே அளந்தோம். சரியாக இருபது. "பாத்தியா, நம்ம கணக்குல இருக்கற அதே இருவது!" என்றாள். எனக்கே சந்தோஷமாக இருந்தது.

அப்போதுதான் அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

சுவரைப் பார்த்தாள். என்ன என்று முதலில் புரியவில்லை. பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள். நீலமும் மஞ்சளும் புரிந்தது. அவள் முகம் போன போக்கை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

"ஐயோ! எம் புள்ள படகக் கவுத்துட்டியேடி!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். வெளியே ஓடினாள். அண்ணன் அதற்குள் கரையில் இறங்கி வலையை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். அவனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அவன், "இன்னாம்மா, இன்னா ஆச்சு?" என்று திருதிருவென்று முழித்தான்.

அன்றைக்குப் பூதக்கண்ணாடி பரண் மேலே போய்விட்டது. அண்ணி எவ்வளவோ எடுத்துச் சொன்னாள். "லென்ஸ்னா அப்பிடித்தான் அத்த வுயும். நான் ஒண்ணும் கவுக்கல. அதோட குணமே அதுதான்."

"எதோட குணமோ எனக்குத் தெரியாது. என் ஊட்டுச் சொவுத்துல என் புள்ள படகு தலகீயா வரக்கூடாது."

அண்ணி அழவில்லை, சண்டையும் போடவில்லை. இரண்டு நாள் வாயே திறக்காமல் வேலை செய்தாள். அது சண்டையைவிட மோசம். மூன்றாம் நாள் அம்மாவே பரணிலிருந்து அதை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தாள்.

"இதக் கேளு. அவன் கரையில இருக்கசொல்ல நீ இன்னா வேணா கவுத்துக்கோ, நான் கேக்க மாட்டேன். தண்ணியில இருக்கசொல்ல கூடாது. படமும் போடக்கூடாது, அந்த வார்த்தைய எய்தவும் கூடாது. இன்னா சொல்ற?"

"சரி அத்த. அவரு தண்ணியில இருக்கசொல்ல எதயும் கவுக்க மாட்டேன்."

"என் தல மேல அடிச்சி சொல்லு."

அண்ணி அடித்துச் சொன்னாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் இயற்பியல், அண்ணனுடைய படகைப் பார்த்துத்தான் நடந்தது. காலையெல்லாம் மின்சாரம், காந்தம், அணு. அதிலெல்லாம் எதுவும் தலைகீழாக விழாது. படகு கரை தட்டினதும் ஒளியியல். படகு வருகிறது என்றதும் அண்ணி எழுந்து ஓடுவாள். அண்ணன் ஒரு நாள் என்னிடம் புலம்பினான். "மொத நாளு என்னப் பாக்கத்தான் ஓடியார்றான்னு நெனச்சேன். ஷோக்கா சிரிச்சிக்கினே நின்னேன். 'எறங்கிட்டியா, எறங்கிட்டியா'ன்னு கேட்டுட்டு ஊட்டுக்குள்ள ஓடிட்டா, லென்ஸ எடுக்க."

சரி, இப்போதாவது கணக்கு வந்ததா என்றால், அதுதான் இல்லை. மெழுகுவத்தியை லென்ஸுக்கு முப்பது சென்டிமீட்டரில் வைத்தால், சுவரில் பளிச்சென்று தலைகீழ்ச் சுடர் விழுகிற தூரம் அறுபது. எத்தனை தடவை வைத்துப் பார்த்தாலும் அறுபது. ஆனால் அண்ணி தாளில் போட்டால் பன்னிரண்டு வருகிறது! புத்தகத்தின் பின்பக்கத்திலும் அறுபது என்றுதான் போட்டிருந்தது.

"முப்பதுக்கு முன்னால ஒரு மைனஸ் போடு அண்ணி, சரியாப் போயிடும்" என்றேன்.

"எதுக்கு மைனஸு?"

"போடுன்னா போடேன். பொருளு தூரத்துக்கு எப்பவும் மைனஸுதான்."

"அதான் எதுக்குன்னு கேக்கறேன்."

"எனக்குத் தெரியாது தாயே!"

பழவேற்காட்டு பஜாரில் மாடியில் டியூஷன் எடுக்கிற சாரிடம் போய்க் கேட்டோம். அவர் பொறுமையாகத்தான் சொன்னார். லென்ஸிலிருந்து இடது பக்கம் அளந்தால் மைனஸ், வலது பக்கம் அளந்தால் பிளஸ். அதனால்தான் பொருளுக்கு மைனஸ். அண்ணி தலையாட்டிவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்து படம் போட்டு, இடது மைனஸ், வலது பிளஸ் என்று மேலேயே எழுதி வைத்துக்கொண்டு, கணக்கைப் போட்டாள். மறுபடியும் பன்னிரண்டு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பரீட்சைக்கு ஒரு வாரம்கூட இல்லை.

அப்போதுதான் அவள் போட்டிருந்த படத்தைச் சரியாகப் பார்த்தேன். இத்தனை நாளும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், இது என் கண்ணில் படவில்லை. அவள் மெழுகுவத்தியை வலது பக்கத்தில் வரைந்திருந்தாள்.

"அண்ணி, மெழுகுவத்திய எதுக்கு அந்தாண்ட போட்ட?"

"அந்தாண்டதான கெயக்கு?"

"அதனால?"

"வெளிச்சம் எங்கருந்து வரும்? கெயக்காலருந்துதான?" என்றாள், இதென்ன கேள்வி என்பதுபோல.

எங்கள் வீட்டில் வடக்கே பார்த்துத்தான் உட்கார்ந்து படிப்போம். வலது கைப்பக்கம் கிழக்கு, கடல். சூரியன் அங்கேதான் வரும். சாயங்காலமானால் லைட் ஹவுஸ் வெளிச்சமும் அங்கேயிருந்துதான் வரும். ஏரிக்கு அந்தக் கரையில் அவளுடைய பிறந்த வீட்டிலிருந்து பார்த்தாலும் வெளிச்சமெல்லாம் கிழக்கேதான். ஆகவே, வெளிச்சம் வருகிற பொருளை அவள் கை தானாகக் கிழக்கேதான் வைத்தது. புத்தகத்திலோ மெழுகுவத்தி எப்போதும் இடது பக்கம். இடது வலது விதியெல்லாம் அந்தப் படத்துக்கு எழுதினது. அவள் படத்தில் மெழுகுவத்தி வலது பக்கம் இருப்பதால் முப்பதுக்குப் பிளஸ் போட்டாள். மற்றதெல்லாம் புத்தகப்படி. பின்னே பன்னிரண்டு வராமல் என்ன வரும்?

நான் புத்தகத்தை அவள் முகத்துக்கு முன்னால் நீட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். "இத எய்தனவங்க ஊருல கடலு மேற்கால இருக்கும் போல" என்றாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் சிரிக்கவில்லை. எழுந்து, நாங்கள் வைத்து எழுதுகிற பலகைக்கு எதிர்ப்பக்கம் போய், தெற்கே பார்த்து உட்கார்ந்தாள். இப்போது கிழக்கு அவளுக்கு இடது கைப்பக்கம் வந்துவிட்டது. மெழுகுவத்தியை இடப்பக்கம் வரைந்தாள். மைனஸ் முப்பது. கணக்கைப் போட்டாள். அறுபது வந்தது. உடனே எழுந்து போய் ஸ்கேலை வைத்துச் சுவரை இன்னொரு தடவை அளந்து பார்த்தாள், அது வேறு.

அன்று சாயங்காலம் முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அம்மா சும்மா இருக்காமல், "இன்னாடி, தெக்க பாத்து ஒக்காந்துக்கினு இருக்க?" என்று கேட்டாள். "தெக்க பாத்தாதான் அத்த கணக்கு வருது" என்றாள் அண்ணி. அம்மா அதை நம்பிவிட்டாள். அன்றிலிருந்து பலகையைத் தெற்கு பார்த்து அவளே போட்டு வைப்பாள்.

பரீட்சை பொன்னேரியில். காலை பஸ்ஸை நம்ப முடியாது என்று முதல் நாள் சாயங்காலமே நானும் அண்ணியும் அனுப்பம்பட்டில் என் பெரியம்மா வீட்டுக்குப் போய்விடுவதாக ஏற்பாடு. கிளம்பும்போது அண்ணி அண்ணனிடம் சொன்னாள்.

"நாளைக்கி நீ கடலுக்குப் போகக் கூடாது."

"மீனு நல்லாப் படற வாரம் இது."

"லென்ஸ் கணக்கு வந்தா நான் தலகீய்னு எய்தணும். கவுந்தா மாரி படம் போடணும். நீ தண்ணியில இருந்தா எப்பிடி எய்துவேன்? அத்த தல மேல அடிச்சிச் சொல்லியிருக்கேன்."

"நீ இதெல்லாம் நம்பறியா?" என்று கேட்டான் அண்ணன்.

"நம்பல. ஆனா நீ தண்ணியில இருக்கசொல்ல என் கை எய்தாது." சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.  போக மாட்டேன் என்று அண்ணனும் ஒத்துக்கொண்டான்.

மறுநாள் காலை பரீட்சைப் பள்ளிக்கூடத்து வாசலில் நின்றோம். மணி அடிக்க இன்னும் கொஞ்ச நேரம்தான். அண்ணி என்னிடமிருந்து ஃபோனை வாங்கினாள். பழைய பட்டன் ஃபோன், எதிர்ப்பக்கம் பேசுவது பக்கத்தில் நிற்கிறவர்களுக்கும் கேட்கும்.

"அத்த, அவரு இன்னா பண்றாரு?"

"தூங்கறான்" என்றாள் அம்மா.

"கடலுக்குப் போகலியே?"

"போகலடி."

"அவருகிட்டக் குடுங்க அத்த."

அந்தப் பக்கம் காற்று மட்டும் இரைந்தது.

"தூங்கறவன எயுப்பச் சொல்றியா? நான் சொல்றது போதாதா ஒனக்கு?"

அண்ணி விடமாட்டாள் என்று நினைத்தேன். செவுளைத் தூக்கிப் பார்க்கிற ஆளாயிற்றே. எழுப்பிக் குடு, குரலைக் கேட்கணும் என்றுதான் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். 

"போதும் அத்த" என்றாள்.

ஃபோனை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நான் எதிரே இருந்த புங்கமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தபோது முகமெல்லாம் வேர்வை.

"லென்ஸ் வந்துச்சா அண்ணி?"

"வந்துச்சு. அஞ்சு மார்க்கு."

"எழுதுனியா?"

"அந்த ரூம்ல கெயக்கு என் முதுகுக்குப் பின்னால இருந்துச்சு. கண்ண மூடிக்கினு தெக்க பாத்து ஒக்காந்த மாரி நெனச்சிக்கினேன். வந்துடுச்சு. மெய் பிம்பம், தலகீயு, ரெண்டு மடங்கு. பிம்பத்து அம்பக் கவுத்துப் போட்டுட்டேன்." குழந்தை மாதிரி சிரித்தாள்.

அந்த ஐந்து மார்க்தான் அவளைக் காப்பாற்றியது. ரிசல்ட் வந்தபோது பாஸ் மார்க்குக்கு மேலே அவளுக்கு இருந்தது மூன்று. சேர்ந்தாள், படித்தாள். இப்போது தூரத்தில் ஓர் ஊரில் கண் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். அண்ணனும் அங்கேயே போய்விட்டான். அம்மா இறந்த பிறகு அவர்கள் இங்கே வருவது குறைந்துவிட்டது. திருவிழாவுக்கு வந்தால் பார்ப்பதோடு சரி. எனக்கு அவளோடு உட்கார்ந்து சண்டை போட்டுப் படித்த அந்த நாட்களுக்காக மனசு ஏங்கும். அப்படி ஒருத்தி என் பக்கத்தில் உட்கார்ந்து ஏன், எதற்கு என்று என் உயிரை வாங்க மாட்டாளா என்று இருக்கும்.

பரீட்சை நாளுக்கே வருகிறேன். பொன்னேரியிலிருந்து பஸ் பிடித்துப் பழவேற்காட்டில் இறங்கி, பாலம் தாண்டி ஷேர் ஆட்டோவில் குப்பத்துக்கு வந்து சேர்ந்தோம். நல்ல உச்சி வெயில். கரையில் ஒரு ஆள் நிழல் இல்லை. அம்மா மட்டும் மணலில் உட்கார்ந்திருந்தாள், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, முகத்துவாரத்தையே பார்த்துக்கொண்டு.

மற்றப் படகுகளெல்லாம் வந்து ஏறியிருந்தன. நீலமும் மஞ்சளும் அடித்த படகு நிற்கிற இடத்தில் அது இல்லை.

பக்கத்து வீட்டு அக்கா வாசலிலிருந்து குரல் கொடுத்தாள். "காலையிலருந்து அங்கதான் ஒக்காந்துக்கினு இருக்கா. பச்சத் தண்ணி வாயில ஊத்தல. உங்கண்ணன் கூட போறவனுக்கு ஜொரமாம். ஆளு கொறையுதுன்னு விடியசொல்ல வந்து கூப்ட்டாங்க. அவனும் இன்னா பண்ணுவான், போயிட்டான்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அம்மா, தூங்கறான்னு சொன்னியே!" என்று கத்திக்கொண்டே போனேன். அண்ணி என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.  மெதுவாகப் போய் அம்மா பக்கத்தில், சுடுமணலில், பரீட்சைக்குக் கட்டின புதுப் புடவையோடு உட்கார்ந்தாள்.

அம்மா திரும்பவில்லை. "எய்தனியா?" என்று மட்டும் கேட்டாள்.

"எய்தனேன் அத்த."

"அதயும்?"

"அதயும்."

அம்மா தலையை ஆட்டினாள்.  மணலை அள்ளி அள்ளிக் கொட்டிக்கொண்டே இருந்தாள்.

"ஏன் அத்த போகலன்னு சொன்னீங்க?" என்றாள் அண்ணி. அழுதுகொண்டேதான் கேட்டாள்.

"போயிட்டான்னு சொன்னா நீ எய்தியிருப்பியா?"

அண்ணி அம்மாவின் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். அம்மா ஒரு கையை அவள் முதுகில் வைத்துக்கொண்டு, கண்ணை மட்டும் தண்ணீரிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். நானும் அங்கேயே நின்றேன். எனக்கும் அந்த நேரத்தில் எல்லாச் சாமியும் ஞாபகத்துக்கு வந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. முதலில் அம்மாதான் எழுந்தாள். எழுந்தவளுக்குக் கால் மரத்துப்போய் நிற்க முடியவில்லை, அண்ணியின் தோளைப் பிடித்துக்கொண்டாள். முகத்துவாரத்து அலையில் ஏறி இறங்கி, நீலமும் மஞ்சளுமாகப் படகு உள்ளே வந்துகொண்டிருந்தது. நிமிர்ந்து, நேராக.

அண்ணனுக்கு ஒன்றும் தெரியாது. தண்ணீரில் இருந்தபடியே, பெண்டாட்டி திட்டுவாளோ என்ற பயத்தோடு, கையை வாயில் குவித்துக்கொண்டு கத்தினான்.

"பரீச்ச எப்பிடி எய்தன?"

அண்ணி கையை மட்டும் ஆட்டினாள். அம்மாதான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் போய், கரை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"எல்லாத்தயும் எய்திட்டாடா!"